எழுபது வயதில் யார் யாரைத் தூக்குவது? டென்மார்க் பாராளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

2025 மே 22 அன்று ஓய்வூதிய வயதை 70 ஆக்கும் சட்டத்தை 81க்கு 21 என்ற வாக்குகளில் நிறைவேற்றினீர்கள். 1970 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்த எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். நான் 1972இல் பிறந்தவள். மத்திய யூலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். இன்று நான் குளிக்க வார்த்து, உடுத்திவிட்டு, கதிரையில் இருத்தும் சிலருக்கு எழுபத்தைந்து வயதுதான் ஆகிறது. அவர்களைவிட ஐந்து வயது மட்டும் குறைந்தவளாக இருந்துகொண்டு 2042இலும் நான் இதே வேலையைச் செய்ய வேண்டும் என்கிறது உங்கள் சட்டம். அதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதன் டெனிஸ் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதக் காரணம், என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் இதை வாசித்து, சரி என்று பட்டால் தங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக மகிழ்ச்சி அறிக்கை வரும்போது டென்மார்க்கின் பெயர் மேலே இருக்கும். 2012, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் முதலிடம். 2018இலிருந்து பின்லாந்து முந்திக்கொண்டது, ஆனாலும் நாம் முதல் மூன்றுக்குள்தான் நிற்கிறோம். அந்தக் கிழமை முழுக்க, டெனிஸ்காரரைப் போல வாழ்வது எப்படி என்று உலகம் பாடம் படிக்கும். கொழும்பில் இருக்கும் என் மச்சாளின் மகள் "ஹூகே" (வீட்டுக்குள் கதகதப்பாக, நிம்மதியாக இருப்பதற்கான டெனிஸ் சொல்) என்று எழுதிய மெழுகுதிரி ஒன்றை வாங்கி எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். முப்பது பாகை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, மெழுகுதிரி!

அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இங்கே மனிதர் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் மெழுகுதிரி இல்லை, பிற்பகல் மூன்று மணி. காலை ஏழுக்குத் தொடங்கும் என் வேலை மூன்று மணிக்கு முடியும். அடுத்த முறைக்காரர் வந்ததும், இரவு யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வீட்டுக்குப் போன பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள். அடுத்த மாதம் எந்த ஞாயிறு எனக்கு வேலை என்பது இந்த மாதமே தெரியும். மெழுகுதிரி கொளுத்துவதும் கேக் சுடுவதும் அதற்குப் பிறகு வருபவை. நேரம் உள்ளவர் கொளுத்துகிறார்.

நான் 1990இல் வந்தேன். முதல் வேலை ஒரு தையல் ஆலையில் துப்புரவு. மேலாளர் கோப்பி அறைக்குள் வந்தபோது நான் எழுந்து சுவரோரமாக நின்றேன். அவர் தன் கோப்பையில் ஊற்றிவிட்டு எனக்கும் ஒன்று ஊற்றி, இரு என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றார். அன்றிரவு இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. கந்தோரில் முப்பது வருடம் "சேர்" போட்டவர் அவர். இன்னொரு நாள், வேலை முடியாமல் ஒரு மணி நேரம் கூட நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்த ஒரு பெண்மணி வந்து துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, "வேலை முடியாவிட்டால் ஆள் போதாது என்று அர்த்தம். அதை நீ சும்மா வேலை செய்து மறைத்தால் நாளைக்கு எங்கள் எல்லோரிடமும் அதைக் கேட்பார்கள்" என்றார். இந்த நாட்டைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அது. மொழிப் பள்ளியில் கற்றதைவிட அது எனக்கு உதவியிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாள் சம்பளத்தோடு வீட்டில் நிற்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆண்டுக்கு ஐந்து கிழமை விடுமுறை சட்டத்தில் இருக்கிறது, ஆறாவது கிழமை கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. என் கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். அவர் நின்ற பகுதியை மூடியபோது நாங்கள் பதறினோம், ஆனால் தெருவுக்கு வரவில்லை. வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் வந்தது. அந்த இடைவெளியில் பாரவண்டி உரிமம் எடுத்து வேறு வேலைக்குப் போய்விட்டார். இங்கே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது சுலபம். அப்படி நின்றவரைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு இருப்பதால்தான் அந்தச் சுலபத்தை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம்.

இவை டெனிஸ்காரரின் இரத்தத்தில் ஊறியவை என்று மகிழ்ச்சிப் புத்தகங்கள் எழுதுவோர் சொல்வார்கள். அப்படியானால் எனக்கு இதில் பங்கு இருக்காதே! 1899இல் மாதக்கணக்கில் தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்த பிறகு, செப்டெம்பரில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதிலிருந்துதான் நீங்கள் மேடைகளில் பெருமையாகச் சொல்லும் "டெனிஸ் மாதிரி" தொடங்குகிறது. சம்பளமும் வேலை நேரமும் அவர்கள் இரு தரப்பும் பேசி முடிப்பது. அதனால்தான் இந்த நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம்கூட இல்லை. சம்பளத்தோடு இரண்டு கிழமை விடுமுறை 1938இல் சட்டமானது. வாரம் 37 மணி நேரம் நான் வந்த அதே 1990இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொன்றும் பேரம் பேசி வாங்கியது. பேரம் பேசி வாங்கியதைக் கேட்காமல் எடுத்தால் யாருக்கும் கோபம் வரும்.

நீங்கள் முதலில் எடுத்தது பெரிய பிரார்த்தனை நாளை. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்வரும் நான்காவது வெள்ளி. 1686இலிருந்து இருந்த விடுமுறை. பாதுகாப்புச் செலவுக்காக ஆண்டுக்கு 3 பில்லியன் குரோனர் வேண்டும் என்று 2023 பெப்ரவரி 28 அன்று 95க்கு 68 என்ற வாக்கில் அதை ஒழித்தீர்கள். அதற்கு மூன்று கிழமைக்கு முன், பெப்ரவரி 5 அன்று, உங்கள் மாளிகைக்கு முன்னால் பல பத்தாயிரம் பேர் நின்றார்கள். தேவாலயத்தையும் கேட்கவில்லை, தொழிற்சங்கங்களையும் கேட்கவில்லை. கூட்டு ஒப்பந்தங்களில் விடுமுறை என்று எழுதி இருந்த ஒரு நாளை அரசு உள்ளே கைவிட்டு எடுத்தது.

நான் சைவக்காரி. அந்த நாளில் தேவாலயத்துக்குப் போனதில்லை. ஆனாலும் அது எங்கள் நாளாகவும் இருந்தது. முதல் நாள் வியாழன் மாலை வெதுப்பகத்தில் "ஹ்வேதர்" பணிஸ் வாங்க வரிசை நிற்கும். வெள்ளிக்கிழமை வெதுப்பகங்கள் திறக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் முதல் நாளே சுட்டு வைத்துக்கொள்ளத் தொடங்கிய வழக்கம் அது. இரண்டாகப் பிளந்து வாட்டி, வெண்ணெய் தடவினால் ஏலக்காய் மணக்கும். ஏலக்காய் போட்ட பணிஸைத் தின்னும் ஊரில் நாங்கள் அந்நியர் இல்லை என்று என் அம்மா சொல்லுவார். முறை வேலை இல்லாத ஆண்டுகளில் அந்த மூன்று நாளில்தான் ஜெர்மனியில் இருக்கும் சொந்தங்களிடம் போய் வருவோம். அதற்கு ஈடாக நீங்கள் தந்தது ஆண்டுச் சம்பளத்தில் 0.45 சதவீதம். மாதம் 30,000 குரோனர் வாங்குபவருக்கு அது மாதத்துக்கு 135 குரோனர்.

அந்த 3 பில்லியன் இல்லாவிட்டால் நாடு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்றுதான் எங்களிடம் சொன்னீர்கள். இரண்டே வருடத்தில், 2025 பெப்ரவரியில், பாதுகாப்புக்கு மேலதிகமாக 50 பில்லியன் குரோனரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்க முடிந்தது. அந்தச் செலவு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஷெல்லடியில் வளர்ந்தவளுக்கு யுத்தம் என்றால் என்ன என்று தெரியும். அவ்வளவு பணம் புரட்ட முடிந்த அரசுக்கு எங்கள் ஒரு வெள்ளிக்கிழமை எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

இப்போது எழுபதுக்கு வருகிறேன்.

என் வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இறுக்கமான அழுத்தக் காலுறை உண்டு. படுக்கையை விட்டு எழும்ப முன்னர் அதைப் போட்டுவிட வேண்டும். கட்டில் அருகே குனிந்து, முதலில் பாதத்தில் வழுக்கும் துணி உறையை மாட்டி, அதற்கு மேல் காலுறையைக் குதிக்கால் தாண்டும்வரை இழுத்து, பிறகு றப்பர் கையுறை போட்ட கைகளால் முழங்கால்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மடிப்பு விழுந்தால் தோல் வெட்டுப்படும், கழற்றித் திரும்பவும் தொடங்க வேண்டும். கிழவிக்கு நோகும், அவர் காலை உதறுவார். இது ஒரு கால். பெருவிரல் மூட்டில்தான் முழுப் பாரமும் இறங்கும். மாலையில் வீட்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறக்க நான் மகனைக் கூப்பிடுகிறேன்.

ஹேர்னிங் சித்தி விநாயகர் கோயிலில் திருவிழா நாட்களில் அன்னதான வரிசையைக் கவனித்தால் தெரியும். என் வயதுப் பெண்களில் எத்தனை பேர் மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறார்கள்! ஒருத்தி துப்புரவு, ஒருத்தி கோழி இறைச்சிச் சாலை, மற்றவள் என்னைப் போல. சேலைக்குப் பொருத்தமாகப் பட்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதாக ஒருத்தி பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

மனிதர் நீண்ட காலம் வாழ்கிறார்கள், ஆகவே நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்பது உங்கள் வாதம். 2006 நலன்புரி உடன்பாட்டில் ஓய்வூதிய வயதைச் சராசரி ஆயுளோடு கட்டிவிட்டீர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து உயர்த்துகிறீர்கள். இப்போது 67, 2030இல் 68, 2035இல் 69, 2040இல் 70. 1968இல் பிறந்த என் கணவருக்கு 69, எனக்கு 70. கணக்கு பிழை என்று சொல்லமாட்டேன். பெற்றோருக்கு ஓய்வூதியம் கொடுக்கப் பிள்ளைகளின் வரி போதாமல் போகும் என்பதும் விளங்குகிறது. ஆனால் சராசரி ஆயுள் என்பது அமைச்சகத்தில் கணினிக்கு முன் இருப்பவரையும் கூரை வேயும் தச்சரையும் சேர்த்துக் கூட்டி வருவது. முன்னவர் கூடுதல் காலம் வாழ்கிறார் என்பதற்காகப் பின்னவர் கூடுதல் காலம் கூரையில் ஏற வேண்டியிருக்கிறது. எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு முன்னாள் கொத்தனாரின் தோள் மூட்டு இரண்டும் அசையாது. சட்டை மாட்ட இருபது நிமிடம் ஆகும். அவர் வேலையை விட்டபோது வயது அறுபதுகூட இல்லை என்பார்.

உடம்பு முடியாதவர்களுக்குத்தான் வேறு வழி வைத்திருக்கிறோமே என்பீர்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று 2020இல் வந்த மூத்தோர் ஓய்வூதியம். கிழமைக்கு 15 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய இயலாது என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைத் தொடங்கினீர்கள். அதாவது முழுதாக உடைந்த பிறகு வா என்கிறீர்கள். மற்றது ஆர்னே ஓய்வூதியம். "இப்போது ஆர்னேயின் முறை" என்று ஒரு பீர்த் தொழிற்சாலைத் தொழிலாளியின் முகத்தை வைத்து 2019 தேர்தல் காலத்தில் பிரசாரம் செய்து, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். 61 வயதாகும்போது 42 ஆண்டு வேலை செய்திருந்தால் ஓராண்டு முன்னதாகவும், 43 என்றால் இரண்டு ஆண்டும், 44 என்றால் மூன்று ஆண்டும் முன்னதாகப் போகலாம் என்று எங்களிடம் விளக்கினார்கள்.

44 ஆண்டு வேண்டுமென்றால் 17 வயதில் தொடங்கியிருக்க வேண்டும். 17 வயதில் நான் யாழ்ப்பாணத்தில், ஊரடங்குக்கும் ஷெல்லடிக்கும் நடுவில், பள்ளிக்கூடம் நாளைக்குத் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த பிறகு மொழி படிக்க ஒரு காலம், பிள்ளைகளோடு வீட்டில் நின்ற காலம் கொஞ்சம். மற்றபடி ஓயாமல் உழைத்திருக்கிறேன். உங்கள் கணக்குப்படி நான் ஆர்னே ஆகமாட்டேன். இந்த நாட்டுக்கு இருபது வயதுக்குப் பிறகு அகதியாக வந்த எவரும் ஆகமாட்டார்கள், இரவும் பகலும் வேலை செய்திருந்தாலும்.

எங்களில் சிலருடைய ஆண்டுகளை இந்த நாடே தின்றது என்பதையும் உங்கள் சபைக்கு நினைவூட்ட வேண்டும். 1987இல் நீதி அமைச்சர் ஒருவர், தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சத்தமில்லாமல் கிடப்பில் போட வைத்தார். சட்டத்தில் உரிமை இருந்தும் மனைவியரும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் காத்துக் கிடந்தார்கள். 1993 ஜனவரியில் அந்த விவகாரத்தில் ஒரு அரசாங்கமே விழுந்தது. 1995இல் அந்த முன்னாள் அமைச்சர், அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இங்கே "தமிழ் வழக்கு" என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு சிறு அகதிக் கூட்டத்துக்கு இழைத்த அநீதிக்காகத் தன் அமைச்சரையே கூண்டில் ஏற்றிய நாடு என்றுதான் எங்கள் பெற்றோர் இந்த அரசை நம்பினார்கள். வரியைக் குறைசொல்லாமல் கட்டுவதும், வீதியோரத் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்குப் பையை எடுத்துக்கொண்டு யாரும் பார்க்காவிட்டாலும் பெட்டியில் காசு போட்டுவிட்டுப் போவதும் அந்த நம்பிக்கையில்தான். அப்படித் தாமதமாகி வந்த பிள்ளைகளின் ஆண்டுகள் உங்கள் 44க்குள் எங்கே இருக்கின்றன?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். முதியோர் இல்லங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கொம்யூன்கள், அதாவது உள்ளூராட்சி சபைகள், எல்லாம் புலம்புகின்றன. படிப்பை முடித்து வரும் இளம் பிள்ளைகள், ஐம்பது கடந்த எங்களைப் பார்க்கிறார்கள். எங்கள் நடையைப் பார்க்கிறார்கள். எழுபதுவரை இதுதான் என்றால் அவர்கள் ஏன் நிற்கப்போகிறார்கள்? ஏற்கனவே எங்களில் முழுநேரம் செய்பவர்கள் குறைவு. சோம்பலால் அல்ல, முழுநேரம் செய்தால் உடம்பு வருடக்கணக்குத் தாங்காது என்பதால் சம்பளத்தையும் ஓய்வூதியச் சேமிப்பையும் குறைத்துக்கொண்டு பகுதிநேரத்துக்குப் போகிறார்கள். எழுபதுக்கான விலையை அவர்கள் இப்போதே தங்கள் பையிலிருந்து கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

உடலுழைப்புத் தொழில்களில் இருப்பவர்களுக்கு 70 என்ற எல்லையை நீக்குங்கள். எந்தத் தொழில்கள் என்று நீங்கள் கொப்பன்ஹேகனில் இருந்து முடிவு செய்ய வேண்டாம். தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசிப் பட்டியல் போடட்டும், 1899இலிருந்து அவர்களுக்கு அது பழக்கம். வயது தானாகவே ஏறிக்கொண்டு போவதை இனி ஏற்க முடியாது என்று பிரதமராக மெட்டே ஃபிரெடெரிக்சன் 2024இல் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. அந்தச் சொல்லை எழுபதுக்குப் பிறகு வருபவர்களுக்காக மட்டும் வைத்திருக்காமல், எழுபதில் மாட்டிக்கொண்ட எங்களுக்கும் பொருந்தும்படி சட்டமாக்குங்கள்.

ஆர்னே ஓய்வூதியக் கணக்கை மாற்றுங்கள். ஒருவர் 61 வயதுக்குள் மொத்தம் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று மட்டும் பார்க்காமல், இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடைத்த நாளிலிருந்து எத்தனை பங்கு காலம் உழைத்தார் என்றும் பாருங்கள். இருபது வயதில் வந்து ஓயாமல் உழைத்தவரை, பதினேழில் தொடங்கியவருக்குச் சமமாக வையுங்கள்.

பிரார்த்தனை நாளைத் திருப்பித் தாருங்கள். அதே வெள்ளிக்கிழமையாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் அந்த 7.4 மணி நேரத்தை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின் மேசையில் வைத்து, எங்கள் பிரதிநிதிகள் பேசி எடுக்க இடம் கொடுங்கள். இனி எந்த விடுமுறையையும் தொழிற்சங்கங்களோடு இருந்து பேசாமல் தொடமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு அறைக்கும் கூரைத் தூக்கியும், தூக்கிவிடும் வேலைக்கு இரண்டு பேரும் என்பதைக் கொம்யூன்களின் வரவுசெலவுக்கு விட்டுவிடாமல் அரசே நிதி ஒதுக்கிக் கட்டாயமாக்குங்கள்.

கடைசியாக, ஓய்வூதியம் பற்றிய அடுத்த வாக்கெடுப்புக்கு முன் உங்கள் வேலைவாய்ப்புக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஏழிலிருந்து மூன்றுவரை ஒரு முழு முறை நிற்க வேண்டும். படம் எடுப்பவர்களை அழைத்து வர வேண்டாம், வயதானவர்களுக்கு அது தொந்தரவு.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்று கோடைகால விடுமுறைக்குச் சபை கலையும் முன் எழுத்தில் பதில் தாருங்கள். டெனிஸில் எழுதினால் போதும், எங்கள் ஆட்களுக்கு நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மத்திய யூலாந்திலிருந்து ஒரு முதியோர் பராமரிப்பாளர்